வாய்க்கணக்கில் ஒரு முயல்

அந்த மாசி மாதத்துக்குப் பிறகு எங்கள் செங்கரட்டில் கண்ணை மூடித் தூங்குகிற ஆள் நான் ஒருத்திதான். மற்ற எல்லாரும், தொட்டில் பிள்ளை முதற்கொண்டு, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்கினார்கள். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அவர்கள் முயலைத் தின்றார்கள், முயல் மாதிரித் தூங்கினார்கள். நான் தின்னவில்லை, மனுஷி மாதிரித் தூங்கினேன். அதற்குப் பிறகு ஊர் என்னைப் பார்த்த பார்வைதான் ஆச்சரியம்.

மாசி வேட்டை எங்கள் ஊரில் இரண்டு தெருவுக்கும் பொது. கீழத்தெருக்காரர்கள் அய்யனாருக்கு விளக்கேற்றிவிட்டு வருவார்கள், மேலத்தெருவில் நாங்கள் அந்தோணியார் கெபியில் மெழுகுவத்தி வைத்துவிட்டு வருவோம், கரட்டடியில் எல்லா ஆண்களும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு பக்கம் வலையைக் கட்டி, மறுபக்கத்திலிருந்து நாய்களை விட்டு, தகரத்தைத் தட்டிக்கொண்டு முயலைக் கலைத்துக்கொண்டு வருவார்கள். கிடைத்ததை வீட்டுக்கணக்கில் பிரிக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. வாய்க்கணக்கு. பல் முளைக்காத பிள்ளைக்கும் ஒரு துண்டு உண்டு; அரைத்து நாக்கில் தடவுவார்கள். பிள்ளை பெற்று பச்சை உடம்போடு கிடக்கிறவள், காய்ச்சலில் கிடக்கிறவன், இப்படித் தின்ன முடியாதவர்களின் துண்டைக் கூறு போடுகிறவரே சபையில் எல்லாரும் பார்க்க வாங்கித் தின்பார். அவர் வாயில் போட்டால் அவர்கள் வாயில் போட்ட கணக்கு.

தவக்காலத்தில் கறி தின்னலாமா என்று கேட்டால், மேலத்தெருவில் ஒரு பதில் தயாராக வைத்திருந்தார்கள்: வேட்டைக்கறிக்கு நோன்பு கிடையாது. எந்தப் போப்பாண்டவர் சொன்னார் என்று நான் கேட்டேன். "கடையில வாங்குனாத்தான் கறி. கரட்டுல கிடைச்சது பங்கு" என்றார் என் வீட்டுக்காரர் அருளப்பன், ஏதோ திருச்சபைச் சட்டத்தை ஒப்பிக்கிற மாதிரி. நான் கான்வென்ட் ஹாஸ்டலில் வளர்ந்தவள். விபூதிப் புதனிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் முட்டை உடைத்த கரண்டியைக்கூடத் தொடாத பிறவி. இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த வருஷத்திலிருந்தே பிலோமி என்ற பெயர் போய், எனக்குப் பெயர் கான்வென்ட்டுக்காரி.

அந்த வருஷம் வலையில் ஒரே ஒரு முயல்தான் விழுந்தது. விழுந்தது என்றுகூடச் சொல்லக்கூடாது, வந்து உட்கார்ந்திருந்தது. நாய்கள் குரைக்க, தகரம் முழங்க, அது பாட்டுக்கு வலைக்கு நடுவில் கண்ணைத் திறந்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்ததாம். தூங்குகிற உயிரை அடிப்பதில்லை என்பது வேட்டையில் உள்ள ஒரே சட்டம். கீழத்தெரு வீரணன் தடியை ஓங்கினவன் நிறுத்திவிட்டு, "அண்ணே, இது தூங்குதுண்ணே" என்றானாம். கூறு போடுகிற சந்தியாகு அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "கண்ணு தொறந்திருக்குல்ல, முழிச்சுத்தான் இருக்கு, போடு" என்றாராம். போட்டான். இதை அருளப்பன் என்னிடம் சொன்னபோது சாதாரணமாகத்தான் சொன்னார். பிறகு ஊரில் யாரும் இந்தப் பேச்சை எடுக்கவேயில்லை என்பதிலிருந்து, எல்லாருக்கும் இது ஞாபகமிருக்கிறது என்று நான் தெரிந்துகொண்டேன்.

அது ஒரு முயலாக இருந்தாலும் ஊருக்கே வந்தது. காய்ந்த ஓலையில் போட்டு வாட்டி, மயிர் கருக்கிச் சுரண்டி, மஞ்சள் பூசி, சந்தியாகு அண்ணன் அரிவாளை எடுத்து நறுக்க நறுக்க, கொட்டைப்பாக்கு அளவில் துண்டு வந்துகொண்டே இருந்ததாம், கடைசி வாய்க்கும் ஒன்று இருந்ததாம். அந்த வருஷம் பச்சை உடம்புக்காரியோ காய்ச்சல்காரனோ யாரும் இல்லை, அவரவர் துண்டு அவரவர் கைக்கே போனது. எங்கள் வீட்டுக்குத் தேக்கிலையில் மூன்று துண்டு வந்தது. அவருக்கு ஒன்று, மகள் ஜெனிட்டாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. முயல்கறி நோஞ்சான் கறி, கொழுப்பே இருக்காது, நல்லெண்ணெயைத் தாராளமாக விட்டால்தான் நார் நாராக இழுக்காமல் வேகும். சின்ன வெங்காயத்தை உரித்துப் போட்டு, மிளகும் சீரகமும் வரமிளகாயும் வறுத்து அம்மியில் அரைத்து, புளியோ தக்காளியோ காட்டாமல் சுண்ட வைத்து இரண்டு பேருக்கும் பரிமாறினேன். என் துண்டில் உப்பும் மஞ்சளும் தேய்த்து, நூலில் கோத்து, அடுப்புக்கு மேலே தொங்கவிட்டேன், ஈஸ்டருக்கு ஆகட்டும் என்று.

மறுநாள் விடிந்து பார்த்தால் ஜெனிட்டா பாயில் மல்லாந்து முகட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "எழுந்து பல் விளக்குடி" என்றேன். அசையவில்லை. திமிர் என்று நினைத்துத் தொடையில் ஒன்று வைத்தேன். பதறி எழுந்து, "ஏம்மா தூங்குற பிள்ளையை அடிக்கிற" என்றாள். அந்தப் பக்கம் அருளப்பன் என்னையே முறைத்துக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

ஊர் இதை ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. முதலில் ஈரத்துணியை நெற்றியில் போட்டுப் பார்த்தார்கள். டவுன் மெடிக்கலில் கண்ணுக்கு விடுகிற சொட்டுமருந்து தீர்ந்துபோனது. பிறகு மருந்தும் வேண்டாம் துணியும் வேண்டாம் என்று தெரிந்தது. அந்தக் கண்ணில் ஈ உட்கார்ந்தாலும் உறுத்தவில்லை, காற்றில் மண் அடித்தாலும் கலங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருகிற சாமியார்தான் ரொம்ப சந்தோஷப்பட்டார். பிரசங்கத்தில் ஒருத்தர்கூடக் கண் சொக்கவில்லை, அத்தனை பேரும் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பி, கால் மணி நேரத்தில் முடிக்கிறதை முக்கால் மணி நேரத்துக்கு இழுத்தார். அத்தனை பேருக்கும் நடுவில் முழித்திருந்து கேட்டவள் நான் ஒருத்தி, எனக்குத்தான் அந்தத் தண்டனை.

கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. யார் தூங்குகிறார்கள், யார் முழித்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. மாமியார் தூங்கிவிட்டாள் என்று நினைத்து மருமகள் பேசினாள், மாமியார் தூங்கவில்லை. புருஷன் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்து ஒருத்தி வெட்கப்பட்டாள், அவன் எப்போதோ தூங்கிப்போயிருந்தான். கடைசியில் ஊர்கூடி, தூங்குகிறவர்கள் கால் பெருவிரலில் ஒரு துணியைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அதனால் வந்தது என்னவென்றால், துணியைக் கட்டிக்கொண்டு முழித்திருந்து ஒட்டுக் கேட்கிறவர்கள் பெருகினார்கள். கால்விரலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துவதும், குரலைத் தாழ்த்தினதைப் பார்த்துவிட்டு இவன் எதையோ மறைக்கிறான் என்று நினைப்பதுமாக, பட்டப்பகலிலேயே ஊர் கிசுகிசுவென்று ஆகிப்போனது. பேச்சே குறைந்தது. ஒருத்தர் வீட்டுத் தின்பண்டம் இன்னொரு வீட்டுக்குப் போவது நின்றது.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. அருளப்பன் மதியம் சாப்பிட்டுவிட்டு, துணியைக் கட்டிக்கொண்டு படுத்தால், அந்தக் கண் அடுப்படி வரைக்கும் என் பின்னாலேயே வருகிற மாதிரி எனக்குத் தோன்றும்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் ஒரு காலையில் வனத்துறை ஜீப் வந்தது. வலைகளை அள்ளிப் போட்டார்கள், வீரணனையும் அவன் நாயையும் ஏற்றினார்கள். "எவன் சொன்னான் வேட்டையாடுனோம்னு" என்று வீரணன் கேட்டதற்கு, ஜீப்பிலிருந்தவர், "சொன்னது என்னடா, கறியே எங்ககிட்ட இருக்கு. ஒரு துண்டு. மெட்ராஸுக்கு அனுப்பி முயல்தான்னு ரிப்போர்ட்டும் வந்தாச்சு" என்றாராம்.

ஒரு துண்டு. ஊரில் அத்தனை துண்டும் அத்தனை வாய்க்குள் போயிருக்கிறது, அதற்கு அத்தனை ஜோடிக் கண்கள் சாட்சி. போகாத துண்டு ஒன்றே ஒன்று. அந்த ஒரு துண்டுக்குச் சொந்தக்காரி கண்ணை மூடித் தூங்குகிறாள்.

வீரணன் பெண்டாட்டி பேச்சிதான் முதலில் வந்தாள். அதுவரைக்கும் அக்கா அக்கா என்று கறிவேப்பிலைக்கு வருகிறவள், வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"யக்கா, ஓம் பங்கை ஈஸ்டருக்கு வச்சிருக்கேன்னியே, அதைக் கொஞ்சம் காட்டு."

அடுப்புக்கு மேலே தொங்குகிறதைக் காட்டினேன். கறுத்துச் சுருங்கி, விறகுப்புகையேறி, பார்க்க எதுவாகவும் இருக்கலாம் போலத்தான் இருந்தது.

"இது கோழியாட்டம் இருக்கு" என்றாள் பேச்சி.

"கோழியைப் பார்த்ததே இல்லையா நீ?"

"வாய் பேசு. கண்ணை மூடிட்டுப் படுக்குறவளுக்கு உள்ளுக்குள்ள என்ன இருக்கோ." போகும்போது கறிவேப்பிலையும் கேட்கவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து சாவடியில் பேசினார்கள். சந்தியாகு அண்ணன்தான் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவர் எங்களுக்கு அந்நியரில்லை. அவர் மகன் அமலுக்குத்தான் ஜெனிட்டாவைப் பேசியிருந்தோம். பிள்ளைகள் இருவரும் விரும்பி, நாங்களும் சரியென்று, ஈஸ்டர் கழிந்து நிச்சயதார்த்தம் என்று முடிவாகியிருந்தது. அமல் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். பெண்டாட்டி செத்துத் தனியாக வடித்துத் தின்கிற மனுஷர் என்று, நான்தான் அவருக்கு அடிக்கடி குழம்பு கொடுத்துவிடுவேன்.

அந்த வாயால் சொன்னார்: "அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள பிலோமி அந்தத் துண்டைச் சபையில வச்சுத் திங்கணும். தின்னுட்டுக் கண்ணைத் தொறந்து தூங்குனா, அது முயல், அவ மேல பழியில்ல. இல்லேன்னா இனிமே அந்த வீட்டுக்குப் பங்கு கிடையாது. பங்கில்லாத வீட்டுல நான் எப்படி, தங்கச்சி, பொண்ணெடுக்க? ஊரு சொல்லுது, நான் என்ன செய்ய."

பங்கில்லை என்றால் வேட்டைக்கறி மட்டுமில்லை. கல்யாணத்துக்குப் பந்தக்கால் பிடிக்க ஆள் வராது, சாவுக்குத் தோள் கொடுக்க ஆள் வராது. வீட்டுக்கு வந்ததும் ஜெனிட்டா மூலையில் உட்கார்ந்துகொண்டு, "தின்னேம்மா, ஒரு துண்டுதானே, கடவுள் கோவிச்சுக்கவா போறார்" என்று அழுதாள். "கடவுள் கோவிச்சுக்க மாட்டார்டி. எவனோ காட்டிக்குடுத்ததுக்கு நான் ஏன் வாயைத் தொறக்கணும்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. கறி ஒன்று வெளியே போயிருக்கிறது. அது என்னுடையது இல்லை. அப்படியானால் இந்த ஊரில் இன்னொருத்தர் தின்னவில்லை. தின்னாதவர் கண்ணை மூடித்தானே தூங்க வேண்டும்? அப்படி யாரும் இல்லையென்றால், தூங்காமலே துணி கட்டிக்கொண்டு எவரோ நடிக்கிறார்.

முதலில் அருளப்பனைத்தான் சந்தேகப்பட்டேன். கட்டினவரைச் சந்தேகப்படாமல் வேறு யாரிடம் ஆரம்பிப்பது. அன்றைக்கு நான் பரிமாறிவிட்டுத் தண்ணீர் எடுக்கத் திரும்பினேனே, அதற்குள் மடியில் கட்டியிருந்தால்? அந்தக் கண்ணில் ஈ உட்கார்ந்தாலும் கலங்காது என்பது ஊருக்கே தெரியும். ஆனால் ஈயைப் பொறுத்துக்கொள்ள மனுஷனால் முடியும். மனுஷனால் பொறுக்க முடியாதது ஒன்று என் சமையல்கட்டில் இருந்தது.

மதியம் அவர் படுத்துத் துணி கட்டி, குறட்டை கேட்கும் வரைக்கும் இருந்துவிட்டு, இரும்புச் சட்டியை நன்றாகக் காயவைத்து, இரண்டு கை வரமிளகாயை வெறும் சட்டியில் போட்டேன். கருகக் கருக விட்டேன். முந்தானையால் மூக்கை மூடியும் எனக்கே கண்ணில் தாரை தாரையாக ஊற்றியது, தெருவில் போன ஆடு தும்மியது. அருளப்பன் கண் வறண்ட கிணறு மாதிரி இருந்தது. ஒரு சொட்டு இல்லை, ஒரு சிமிட்டல் இல்லை. தின்றிருக்கிறார் மனுஷர். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

புகை போகட்டும் என்று ஜன்னலைத் திறந்தேன். எங்கள் ஜன்னலுக்கு நேரே சாவடி. புகை நேராக அங்கே போனது. வேப்பமர நிழலில் வரிசையாகப் படுத்திருந்தார்கள், எல்லார் கால்விரலிலும் துணி, எல்லார் கண்ணும் வானத்தைப் பார்த்தபடி. புகை ஒவ்வொரு முகமாக நகர்ந்து போனது. ஒருத்தரும் அசையவில்லை. கடைசியில் தூணோரம் படுத்திருந்த முகத்துக்கு வந்தபோது, அந்தக் கண் சிவந்தது. தொண்டை ஏறி இறங்கியது. இரண்டு பக்கமும் கண்ணீர் வழிந்து காதுக்குள் போனது, மனுஷர் துடைக்கவுமில்லை, இருமவுமில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணைத் திறந்தே வைத்திருந்தார்.

ஒரு செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய், சந்தியாகு அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்தேன்.

"கண்ணைக் கழுவுங்கண்ணே. எரியும்."

அவர் கொஞ்ச நேரம் தூங்கிப் பார்த்தார். பிறகு எழுந்து கழுவினார். அருகில்தான் பார்த்தேன், கண்ணுக்குக் கீழே கறுத்துப் பை விழுந்திருந்தது. தூங்கினால் கண் மூடிவிடும் என்று பயந்து, மனுஷர் வேட்டையிலிருந்து அன்றுவரைக்கும் சரியாகத் தூங்கியிருக்கவில்லை.

"எனக்காகச் செய்யல தங்கச்சி" என்றார் மெதுவாக.

"யாருக்காக?"

"அமலுக்கு. பாரஸ்ட்டுல வாச்சர் வேலைக்கு ஆள் எடுக்குறாங்க. வேட்டையைப் பத்தி ஒரு தகவல், கையில ஒரு சாட்சி, அதைக் குடுத்தா முதல் பேரு அவன் பேருன்னாரு ரேஞ்சர். பனியன் கம்பெனியில சாயத்தண்ணி குடிச்சு இருமிக்கிட்டுக் கெடக்கான். ஓம் பொண்ணைக் கூட்டிட்டுப் போய் அந்தச் சாயத்துலயா குடி வைக்கச் சொல்ற?"

"அதுக்கு வீரணனா?"

"அவனைப் பிடிப்பாங்கன்னு நெனைக்கல. வலையைத் தூக்கிட்டுப் போவாங்கன்னுதான் நெனைச்சேன்."

"என்னைச் சபையில நிறுத்துனீங்களே, அதையும் நெனைக்கலயா?"

அண்ணன் செம்பில் மிச்சமிருந்த தண்ணீரையும் முகத்தில் அடித்துக்கொண்டார். பக்கத்தில் படுத்திருந்தவர்கள் எல்லாம் எங்களைப் பார்த்துக்கொண்டு தூங்கினார்கள், அல்லது தூங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒவ்வொரு கண்ணாகப் பார்த்தேன். எல்லாம் வறண்டிருந்தது.

எனக்கு நன்றாகப் புரிந்தது. இவரைச் சபையில் காட்டிக்கொடுத்தால் சம்பந்தம் போகும், என் மகள் அழுவாள். காட்டிக்கொடுக்காவிட்டால் நான்தான் ஊரைக் காட்டிக்கொடுத்தவள், சம்பந்தம் அப்போதும் போகும். நோன்பை முறித்துத் தின்றால் எல்லாம் சரியாகும், ஆனால் ஊர் சொன்னால் கான்வென்ட்டுக்காரி எதையும் விழுங்குவாள் என்றாகும். மூன்றும் எனக்குப் பிடிக்கவில்லை.

"அண்ணே, ரேஞ்சர் உங்க பேச்சைக் கேப்பாரா?"

"கேப்பாரு."

"ஞாயித்துக்கிழமைக்கு முன்னால வீரணன் நாயோட வீட்டுக்கு வரணும். மத்ததை நான் பார்த்துக்கறேன்."

சனிக்கிழமை வீரணன் வந்தான். எச்சரிக்கை செய்து விட்டுவிட்டார்கள் என்றான். நாய்தான் மெலிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாவடி நிறையக் கூட்டம். அடுப்புக்கு மேலிருந்த துண்டை எடுத்து, வெந்நீரில் ஊறவைத்து, உப்பைக் கழுவி, நல்லெண்ணெயில் வதக்கி மிளகு தூவி, தேக்கிலையில் வைத்துக் கொண்டுபோனேன். பேச்சி முன்வரிசையில் நின்றாள். அருளப்பன் என்னைப் பார்க்காமல் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் நோன்பு" என்றேன். "நோன்பு கிடக்குறவளும் தின்ன முடியாதவதான். பச்சை உடம்புக்காரிக்கும் காய்ச்சக்காரனுக்கும் உள்ள வழக்கம் எனக்கும் உண்டா இல்லையா?"

கூட்டத்தில் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். வழக்கத்தை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது. "கூறு போட்டவரு வாயிதான் நம்ம வாயி" என்றான் வீரணனே. "அவருக்குத் தெரியாதா முயல் ருசி. தின்னு சொல்லட்டும்."

இலையைச் சந்தியாகு அண்ணன் முன்னால் வைத்தேன். அவர் துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாங்கி வாயில் போட்டார். ரொம்ப நேரம் மென்றார். உப்புக்கண்டம் அப்படித்தான் இழுக்கும்.

"முயல்தான்" என்றார்.

சாவடியே மூச்சுவிட்டது. பேச்சி என் கையைப் பிடித்தாள், பிறகு சண்டை ஞாபகம் வந்து கையை விட்டாள். "அப்ப அந்தக் கறியைக் குடுத்தது யாருண்ணே?" என்று கேட்டாள்.

அண்ணன் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் காத்திருந்தது. இத்தனை நாள் தூக்கமும் மொத்தமாக வந்து அவர்மேல் இறங்கியிருந்தது என்பது எனக்கு மட்டும் தெரிந்தது. வாய் மெல்லுவதைப் பாதியில் நிறுத்தியிருந்தது, மூச்சு சீராக வந்தது, கண் அகலத் திறந்து, வறண்டு, சிமிட்டாமல் இருந்தது. அந்தக் கண் யாரையும் பார்க்கவில்லை. ஆனால் நின்றிருந்த ஒவ்வொருவருக்கும் அது தன்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. முதலில் வீரணன் தலையைக் குனிந்தான், தூங்குகிற முயலை அடித்தவன். பிறகு அடிக்கும்போது பார்த்துக்கொண்டு நின்றவர்கள். பிறகு துணி கட்டிக்கொண்டு ஒட்டுக் கேட்டவர்கள். அருளப்பன்கூடக் குனிந்தார், எதற்கென்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. ஒவ்வொருவராக மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். அந்தக் கேள்வியை ஊரில் அப்புறம் யாரும் கேட்கவில்லை. அண்ணன் மறுநாள் சாயங்காலம் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார். தீவிரமாக யோசிக்கிறார் என்று யாரும் கிட்டே போகவில்லை.

ஈஸ்டருக்கு என் பங்கு இல்லை, அதை அண்ணன் தின்றுவிட்டார். நிச்சயதார்த்தம் நடந்தது. அமல் காக்கிச் சட்டையில் வந்திருந்தான், பொருத்தமாகத்தான் இருந்தது. அண்ணன் இப்போதெல்லாம் என்னைப் பார்த்தால் தானாக எழுந்து நிற்கிறார்.

ஊர் இன்னும் கண்ணைத் திறந்துதான் தூங்குகிறது. துணி கட்டுவதை விட்டுவிட்டார்கள், யாரும் யாரையும் நம்புவதில்லை. என்னைப் பற்றிய எண்ணம் மட்டும் மாறியிருக்கிறது. இத்தனை பேரில் தூங்குகிறாள் என்று நிச்சயமாகச் சொல்லக்கூடிய ஆள் ஒருத்திதான், அவளுக்குத்தான் கண் மூடுகிறது என்று ஊர் கண்டுபிடித்திருக்கிறது. அதனால் ரகசியம் பேசுகிறவர்கள் மதியத்தில் என் வீட்டுக்கு வருகிறார்கள். பேச்சி வருகிறாள், அவள் நாத்தனார் வருகிறாள், நான் படுத்திருக்கிற பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசிவிட்டு, போகும்போது கறிவேப்பிலை பறித்துக்கொண்டு போகிறார்கள்.

ஹாஸ்டலில் சிஸ்டர் பெர்னதெத் விளக்கணைத்தபின் கட்டில் கட்டிலாக வந்து பார்ப்பார். கண்ணைத் திறந்திருந்தால் அடி. அதனால் அங்கே படித்த எல்லாருக்கும், இமை துடிக்காமல், மூச்சு மாறாமல், எத்தனை நேரம் வேண்டுமானாலும் கண்ணை மூடி வைத்திருக்கத் தெரியும்.

இன்றைக்கும் சாப்பிட்டு முடித்துப் படுத்தேன். அருளப்பன் வந்து என் முகத்துக்கு நேரே குனிந்து பார்த்தது, அவர் மூச்சில் வெற்றிலை வாசமாகத் தெரிந்தது. பிறகு சமையல்கட்டுப் பக்கம் திரும்பி, ஜெனிட்டாவிடம் சொன்னார்.

"உங்கம்மா தூங்கிட்டா. இப்பச் சொல்லு."

நான் மூச்சை இன்னும் கொஞ்சம் ஆழமாக இழுத்து விட்டேன்.